கேம் வீடியோவில் காசு பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி அறையிலிருந்து ஒரு பையன் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் கத்திக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது சண்டை அல்ல, லைவ். முன்னே போன் ஸ்டாண்ட், காதில் ஹெட்செட், திரையில் பிஜிஎம்ஐயோ மைன்கிராஃப்டோ. வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். இதில் பைசா வருமா? இதனால் போலீஸ் வருமா? பிள்ளை என்ன கேம் ஆடுகிறான், அதை எப்படிக் காட்டுகிறான் என்பதைப் பொறுத்தது பதில். கீழே உள்ளவற்றைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பது நல்லது.

1. காசு கொடுத்து கேமை வாங்கியாச்சு, டைமண்டுக்கு ரீசார்ஜ் பண்ணியாச்சு, ஆகவே காட்சிகள் நமக்குச் சொந்தம் என்று பிள்ளை சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கியது விளையாடும் உரிமை மட்டும்தான். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கேமின் நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. அதற்குள் இருக்கும் படங்கள், இசை, ஓடும் காட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. ரப்பர் தோட்டத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவர் பால் வெட்டலாம்; மரத்தை வெட்டி விற்க முடியாது. இதுவும் அப்படித்தான். பால் வெட்டவும் சம்மதம் இருக்கிறதா என்பதைக் கேம் கம்பெனியின் விதியில்தான் பார்க்க வேண்டும்.

2. அந்த விதியை முதலில் தேடிப் படியுங்கள். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் இணையதளத்தில் 'வீடியோ பாலிசி' என்றோ 'கன்டென்ட் யூசேஜ் ரூல்ஸ்' என்றோ ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மைன்கிராஃப்ட் வீடியோவில் விளம்பர வருமானம் எடுக்கலாம். ஆனால் வெறும் காட்சியாக இல்லாமல் நம் பேச்சோ வேறு உழைப்போ சேர்ந்திருக்க வேண்டும். சேனலின் பெயரில் 'மைன்கிராஃப்ட்' என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டு, கம்பெனியே நடத்துவதுபோலக் காட்டவும் கூடாது. மைக்ரோசாஃப்ட் தன் கேம்களுக்கு யூடியூப் விளம்பரத்தை அனுமதிக்கிறது. பணம் கட்டினால்தான் பார்க்கலாம் என்று பூட்டிவைப்பதை அனுமதிப்பதில்லை. 'இது எங்கள் விதிப்படி எடுத்தது, எங்கள் ஒப்புதல் பெற்றதல்ல' என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் வீடியோவின் கீழே போடச் சொல்கிறது. வேலரன்ட் கேமின் ரயட் கம்பெனியும் ஏறக்குறைய இதே போக்குதான்.

நிண்டெண்டோவின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2013இல் ரசிகர்களின் வீடியோக்களில் ஓடிய விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 2015இல் ஒரு திட்டம் கொண்டுவந்து, பதிவு செய்தவர்களுக்கு ஒரு பங்கு தருகிறேன் என்றது. 2018 கடைசியில் அதையும் மூடிவிட்டு, சொந்த உழைப்பு சேர்த்தால் தனிநபர்கள் காசு எடுத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியது. இத்தனையும் ஒரே கம்பெனி. போன வருஷம் படித்த விதி இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

3. படித்த பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

4. ஒரே கேமை நம்பிச் சேனல் கட்ட வேண்டாம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலை 28 அன்று ஆப் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரி 14 அன்று தடைப்பட்டியலில் சேர்ந்தது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பியது. பெயரிலேயே கேமை வைத்திருந்த சேனல்களின் பாடுதான் திண்டாட்டம். தடையான கேமை விபிஎன் போட்டு ஆடி, அதையும் லைவில் காட்டுவது தானே சாட்சி தயாரித்துக் கொடுக்கிற வேலை.

5. குரல்தான் முதல். பேச்சே இல்லாமல் கேம் காட்சியை மட்டும் ஏற்றினால், கேம் கம்பெனி சும்மா இருந்தாலும் யூடியூப் மானிடைசேஷன் கொடுக்காது. 'மறுபயன்பாட்டுச் சரக்கு' என்று திருப்பிவிடும். மற்றவர்களின் வீடியோக்களை வெட்டி ஒட்டி 'டாப் 10' போடுவதும், இயந்திரக் குரலில் வாசிக்கவைத்துத் தினம் நாலு வீடியோ தள்ளுவதும் இதே கணக்குதான். எல்லையோரப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது. இஞ்சிவிளையிலும் களியக்காவிளையிலும் பேசுகிற தமிழ் சென்னைச் சேனலில் கிடைக்காது. அதை மாற்றிப் பட்டணத்துப் பேச்சு பேசச் சொல்லாதீர்கள்.

6. கதைதான் உயிர் என்கிற கேம்களில் தனிக் கவனம் வேண்டும். சண்டை கேமில் ஆடுகிறவனின் கைத்திறனைப் பார்க்க ஆள் வரும். கதை கேமில் முடிவைத் தெரிந்துகொண்டவன் பிறகு எதற்கு வாங்குவான்? கம்பெனிகளுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2017இல் 'பெர்சோனா 5' வந்தபோது அட்லஸ் கம்பெனி, கதையில் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு அப்பால் யாரும் ஒளிபரப்பக் கூடாது என்று கட்டளை போட்டது. ரசிகர்கள் கொதித்த பிறகு கொஞ்சம் தளர்த்தியது. ஜப்பானில் அதைவிடக் கடுமையாக ஒன்று நடந்தது. 'ஸ்டெயின்ஸ்;கேட்' வரிசையின் கதை கேம் ஒன்றை முடிவுவரை ஏற்றி, அனிமே சுருக்கங்களும் போட்டு விளம்பரக் காசு பார்த்த ஒருவர் 2023 மே மாதம் கைதானார். செப்டம்பரில் செண்டாய் நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்து, அதை ஐந்து ஆண்டுக்கு நிறுத்திவைத்தது. பத்து லட்சம் யென் அபராதமும் உண்டு. கேம் வீடியோவுக்காகக் குற்ற வழக்கு நடக்குமா என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கதை கேம் ஆடத்தான் வேண்டும் என்றால் முதல் சில மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, பிறகு கேமைப் பற்றிப் பேசுங்கள்.

7. வீடியோவின் கீழே 'காப்பிரைட் டிஸ்க்ளைமர், செக்ஷன் 107, 1976' என்று ஒரு பத்தி ஒட்டியிருந்தால் அழித்துவிடலாம். அது அமெரிக்கச் சட்டம். பாறசாலையில் உட்கார்ந்துகொண்டு அதை ஒட்டுவதால் ஒரு பாதுகாப்பும் இல்லை. அமெரிக்காவில் உட்கார்ந்து ஒட்டினாலும் அந்தப் பத்தியே கேடயம் ஆகாது. நம் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகம், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாளலாம் என்கிறது. கணினி நிரல்களை அந்தச் சலுகையிலிருந்து வெளியே நிறுத்தியும் இருக்கிறது. ஆகவே, கேமை நிறுத்தி நிறுத்தி 'இந்த மேப் ஏன் சரியில்லை, இந்தத் துப்பாக்கி ஏன் ஏமாற்று வேலை' என்று அலசுகிற வீடியோவுக்கு ஓரளவு பிடிமானம் உண்டு. மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடிக் காட்டுவதை விமர்சனம் என்று வாதாடுவது கஷ்டம். அதனால்தான் இரண்டாவது குறிப்பு முக்கியம்: சட்டம் தரும் உரிமையைவிடக் கம்பெனி தரும் சம்மதத்தில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

8. 'எல்லா உரிமையும் உரியவருக்கே, காசு நோக்கமில்லை' என்று எழுதிவிட்டு விளம்பரத்தையும் ஆன் பண்ணி வைக்காதீர்கள். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

9. அதிகமாகச் சேனல்கள் அடிபடுவது கேமினால் அல்ல, பாட்டினால். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேமுக்குள்ளேயே வரும் பாட்டு ஒருவகை. ஜிடிஏ போன்ற கேமில் காருக்குள் ரேடியோ பாடும். அந்தப் பாட்டைக் கேமில் வைக்கக் கம்பெனி உரிமை வாங்கியிருக்கிறது. நீங்கள் யூடியூபில் போட வாங்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு ஆடுங்கள். நிறைய கேம்களின் செட்டிங்ஸில் 'ஸ்ட்ரீமர் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உரிமைச் சிக்கலுள்ள இசை நின்றுவிடும்.

பின்னணிக்கென்று நாமே சேர்க்கும் சினிமாப் பாட்டு இரண்டாவது வகை. பத்து விநாடிக்குக் குறைவாகப் போட்டால் தப்பில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. பாட்டுக்கு ஒரே உடைமையாளர்தான் இருப்பார் என்றும் நினைக்க வேண்டாம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாட்டைப் பயன்படுத்தியதற்கு 2024 மே மாதம் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். இசை உரிமை வைத்திருந்தவர்களிடம் அனுமதி வாங்கித்தான் போட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. அவ்வளவு பெரிய படத்துக்கே அந்தச் சிக்கல். யூடியூபின் இலவச ஆடியோ லைப்ரரியில் இசை கொட்டிக் கிடக்கிறது, அது போதும்.

மூன்றாவது வகை நம் ஊருக்கே உரியது. கோயில் திருவிழாவானாலும் பள்ளிப் பெருநாளானாலும் சாயங்காலம் முதல் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். ஜன்னல் திறந்திருந்தால் பிள்ளையின் மைக் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். பக்திப் பாடல்களுக்கும் ஆடியோ கம்பெனி உண்டு, அவர்களும் கிளெய்ம் போடுவார்கள். உற்சவ நாட்களில் லைவ் வேண்டாம். பதிவு செய்து பிறகு ஏற்றுங்கள். மாட்டிக்கொண்டால் யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை மட்டும் அழிக்கிற வசதியும், அந்தத் துண்டை வெட்டுகிற வசதியும் இருக்கின்றன. வீடியோவையே தூக்க வேண்டியதில்லை.

10. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. வீட்டில் கலவரம் ஆவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

"எல மக்கா, காப்பிரைட் வந்துட்டுன்னு சொன்னியே, சேனலு போச்சாலே?"

"இல்லம்மா, கிளெய்ம்தான். அந்த வீடியோக்கு மட்டும் பைசா அவங்களுக்குப் போவும்."

பிள்ளை சொல்வது சரி. கிளெய்ம் என்பது பெரும்பாலும் இயந்திரம் கண்டுபிடிப்பது. காசைத் திருப்பலாம், வீடியோவைத் தடுக்கலாம், இல்லை சும்மா கணக்கு மட்டும் பார்க்கலாம். சேனலுக்கு நேரடி ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் எழுதிக் கொடுத்து வீடியோவை எடுக்கவைப்பது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனல் போய்விடும்.

கிளெய்ம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. கிளெய்ம் வந்த ஐந்து நாட்களுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்து வந்த காசை யூடியூப் தனியே பிடித்துவைத்து, ஜெயித்தவருக்குக் கொடுக்கும். அந்த ஐந்து நாள் கெடுவுக்காகவாவது மெயிலைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது குறிப்பில் சொன்ன ஸ்கிரீன்ஷாட்டுக்கு வேலை வருவது இப்போதுதான்.

ஸ்ட்ரைக்குக்கு எதிர் நோட்டீஸ் கொடுப்பது அப்படியல்ல. அது சட்டப் பத்திரம். நம் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். வழக்குப் போட அவர்களுக்கு அமெரிக்கக் கணக்கில் பத்து வேலை நாள் அவகாசம். கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பக் கூடாது. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

11. 'உன் சேனலுக்கு ஸ்ட்ரைக் போட்டிருக்கேன், ஜிபேயில் இத்தனை போட்டால் எடுக்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது மிரட்டினால் காசு அனுப்பாதீர்கள். ஸ்டுடியோவில் அந்த நோட்டீஸ் உண்மையில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930.

12. இனி போலீஸ் கேள்வி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று இருக்கிறது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேட்க பயமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி விதிப்படி ஆடுகிற பிள்ளையைத் தேடிக் கம்பெனி வராது. அவன் வீடியோ அவர்களுக்கு இலவச விளம்பரம். 2021 ஜூனில் தருமபுரியில் கைதான பப்ஜி யூடியூபர் நினைவிருக்கும். அந்த வழக்குக்கு அடித்தளமே லைவில் பெண்களிடம் பேசிய ஆபாசப் பேச்சுதான், பதிப்புரிமை அல்ல. வீட்டில் காது கொடுக்க வேண்டியது வாய்க்குத்தான்.

13. மோட் ஏபிகே, கிராக் செய்த கேம், ஹேக் இவை எதையும் வீடியோவில் காட்டவோ, லிங்க் கொடுக்கவோ கூடாது. பாதுகாப்புப் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. பார்வை குவியும் என்பது உண்மைதான். குவிந்த பார்வையோடு சேனலும் போகும்.

14. ஓணத்துக்கு ஆர்ட்ஸ் கிளப் சார்பில் பிஜிஎம்ஐ போட்டி வைத்து லைவ் போடுகிறவர்கள் கவனிக்க: வீடியோ போடும் சம்மதம் வேறு, போட்டி நடத்தும் சம்மதம் வேறு. கேம் கம்பெனியின் போட்டி விதியைத் தனியே படியுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப் பணம் கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடைசெய்கிறது. முறைப்படி பதிவான இ-ஸ்போர்ட்ஸுக்குத்தான் விலக்கு. கோப்பையும் ஒரு குலை நேந்திரம்பழமும் போதாதா!

அதே சட்டத்தில் பண விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம்வரை அபராதம். சின்னச் சேனல்களுக்கு முதலில் வருகிற ஸ்பான்சரே பெரும்பாலும் ரம்மி, பெட்டிங் ஆப்தான். களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டி வந்து கேரள லாட்டரி வாங்கிப் பழகிய நமக்கு, சீட்டு எடுப்பது பெரிய தப்பாகத் தோன்றாது. லாட்டரி அரசாங்கம் நடத்துவது, ஆப் அப்படியல்ல.

15. வயது. 2025 ஜூலை 22 முதல் யூடியூபில் தனியாக லைவ் போட 16 வயது முடிந்திருக்க வேண்டும். காசு வாங்கும் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ தங்கள் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். வயதை ஏற்றிச் சொல்லித் தொடங்கிய கணக்கு, காசு கொடுக்கும் கட்டத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

16. வரவுக் கணக்கு. விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. நீள வீடியோவின் விளம்பரத்தில் நமக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். முதல் மாதமே கேஎஸ்எஃப்இ சிட்டி சேரக் கிளம்ப வேண்டாம்.

17. பத்து டாலர் எட்டியதும் கூகுள் தபாலில் ஒரு பின் எண் அனுப்பும். ஓரம் கிழித்துப் பிரிக்கிற ஒரு காகித மடிப்பு அது. உள்ளே ஆறு இலக்கம். பதிவுத் தபால் அல்ல, சாதாரணத் தபால். விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து யாராவது அடுப்படியில் போட்டுவிட வாய்ப்பு அதிகம். நம் பகுதியில் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரைத்தான் தபால்காரருக்குத் தெரியும். 'புத்தன்வீடு' என்று மட்டும் எழுதினால் ஊருக்குப் பத்து புத்தன்வீடு. விளைப் பெயர், தபால் நிலையப் பெயர், பின்கோடு மூன்றும் வேண்டும். எல்லையை ஒட்டிய வீடுகளில் 695502 பாறசாலையா, 629153 களியக்காவிளையா என்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலமும் அதற்கேற்ப மாற வேண்டும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பின் அனுப்பிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் உள்ளே போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தபால்காரர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம்.

18. பெயரில் இனிஷியல் தகராறு வரும். ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இன்னொரு விதம் என்று இருந்தால் பணம் திரும்பிப் போகலாம். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுக் கணக்குத் தொடங்குங்கள். ஆதார் திருத்தம் செய்கிற அக்‌ஷயா மையத்தில் முதல் நடை, பிறகு வங்கி.

19. ஆட்சென்ஸ் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விடாதீர்கள். நிரப்பாவிட்டால் எந்த நாட்டுப் பார்வையாளரால் வந்த காசாக இருந்தாலும் மொத்தத்தில் 24 சதவீதம்வரை பிடித்துவிடுவார்கள். பான் எண்ணைக் கொடுத்து, இந்திய–அமெரிக்க ஒப்பந்தச் சலுகையைத் தேர்ந்தெடுத்தால், அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். நம் பிள்ளையின் வீடியோவை அங்கே பார்ப்பவர்கள் கொஞ்சம்பேர்தான் என்பதால் பிடித்தம் சில்லறைக் காசாகத்தான் இருக்கும். இங்கே வருமான வரிக் கணக்கில் இந்த வரவையும் காட்ட வேண்டும். அமெரிக்கப் படிவத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுதான் ஆயுள். புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும்போது பிள்ளை வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கலாம். ஆகவே அந்த மெயில் முகவரியின் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.